'பாஸாகலாம்' என்று சொன்ன வாத்தியார்

எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட் அடித்து ஃபெயிலானவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருவது, நாலு வைத்தியர் கைவிட்ட நோயாளியை ஐந்தாவதாக வாங்கிக்கொள்கிற வேலை. இந்தத் தொழிலில் தொண்டைத் தண்ணீர் வற்றியவர்களுக்கு என் கஷ்டம் புரியும். அறுபதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெரு ஒன்றில், மாடியில் எங்கள் டுடோரியல்.

மாடியிலிருந்து மழை

நடந்தாலும் நடக்கும், நடக்காமலும் போகும் என்கிற விஷயத்துக்கு இங்கிலீஷில் 'மே' போட வேண்டும் என்று ஒருநாள் காலையில் பாடம். "இட் மே ரெயின்! மழை பெய்யலாம்!" என்று நான் சொல்ல, முப்பது பேர் கோரஸாகக் கத்தினார்கள். கீழே தெருவில் அப்போதுதான் தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். ஒரு தூறல் விழுந்தால் போதும், நூல் அத்தனையும் பாழ். எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள், அப்புறம் எங்கள் மாடியைப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் கஞ்சிக் கையோடு படியேறியே வந்துவிட்டார்.

"காலங்காத்தால ஏன் சார் இப்படி வாயை வைக்கிறீக? வெயிலடிக்கலாம்னு சொல்லிக்குடுத்தா இங்கிலீஷ் வராதா?"

நரிக்குடிக்காரன்

எதற்கு வம்பு என்று மறுநாள் 'மழை பெய்யாமல் போகலாம்' என்பதை இங்கிலீஷில் போர்டில் எழுதினேன். நரிக்குடியிலிருந்து பஸ்ஸில் வரும் முத்துக்கருப்பன் விருட்டென்று எழுந்தான். அவன் அப்பாவுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் நெல். கண்மாய் நிரம்பி மூன்று வருஷமாகியிருந்தது. எனக்கே சங்கடமாகிவிட்டது, அழித்துவிட்டேன். அப்படியும் பயல் உட்காரவில்லை.

"அழிச்சாப் போதாது சார். கட்டாயம் பெய்யும்னு பெரிய எழுத்துல எழுதுங்க. பாவுக்காரவுக சுருட்டிக்கட்டும்!"

காரியாபட்டியிலிருந்து ஒருவர்

வகுப்பிலேயே மூத்தவன் ரெங்கசாமி, அதே தெருவில் நெசவு வீட்டுப் பிள்ளை. இங்கிலீஷில் மட்டும் மூன்று தரம் போனவன். இந்தத் தரம் பாஸானால் மில்லில் கிளார்க் வேலை. வேலை கிடைத்தால்தான் காரியாபட்டியில் பார்த்துவைத்த பெண். அந்தப் பெண்மேல் அவனுக்கு உயிர். விசாரிக்கவென்று பெண்ணின் அப்பா நேரே என்னிடமே வந்து நின்றார். "மாப்பிள்ளை பாஸாயிருவாரா சார்?" என்று கேட்டார். மாசக்கணக்காக 'மே' நடத்திய வாயல்லவா? "பாஸாகலாம்" என்றது.

மனுஷர் தலையை ஆட்டினார், வாங்கிவைத்த காபியைக்கூடத் தொடாமல் பஸ் ஏறிவிட்டார். ரெங்கசாமி அழாத குறை.

"மழைன்னு தெருவையே பயங்காட்டினீகளே, எனக்காக ஒரே ஒரு பொய் சொல்ல வாய் வரலையா சார்?"

கையடித்த சத்தியம்

ராத்திரியெல்லாம் தூக்கமில்லை எனக்கு. ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவி ஆகிவிட்டேனே! விடிந்ததும் காரியாபட்டிக்குப் பஸ் ஏறினேன். அவர் "வாங்க" என்று சொல்லி முடிக்கும் முன்னே, "ரெங்கசாமி நிச்சயம் பாஸாவான், நான் பொறுப்பு" என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"நேத்து நீங்க 'ஆகலாம்'னு சொன்னதுமே, பொய் சொல்லாத வாத்தியாரு, இவுககிட்டப் படிக்கிறவருக்குத் தாராளமாப் பொண்ணு குடுக்கலாம்னு ஓடியாந்து நாளும் குறிச்சிட்டேன். இன்னிக்கு வேலை மெனக்கெட்டு பஸ் ஏறி வந்து சத்தியம் பண்றீக பாருங்க, இப்பத்தான் சார் எனக்குச் சந்தேகமே வருது!"

கல்யாணம் நடந்தது, ரெங்கசாமி நாலாவது தரமும் கோட் அடித்தான், இரண்டுக்கும் நான்தான் காரணம் என்று இரண்டு வீட்டாரும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.