எடை போட்டப்புறம் சாப்பிடு

போன வாரம் வரை என் மகன் குமாரின் பள்ளிப் பையில் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு ஸ்கிப்பிங் கயிறும் போனது. சிங்கப்பூருக்கு வந்து மூன்று வருடமாகியும் அதைப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. அவன் பள்ளியில் எடை கூடிய பிள்ளைகளுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. ரிசஸ் என்கிற இடைவேளை மணி அடித்ததும் மற்றவர்கள் கேன்டீனுக்கு ஓட, இவர்கள் மைதானத்தில் கயிறு தாண்ட வேண்டும். எடை குறைந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். ஒன்பது வயதுக் குமாருக்கு வேண்டியது அது ஒன்றுதான்: சிநேகிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது. பட்டியலில் சேர்த்த அன்று டீச்சர் மிஸ் டான் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் என்ன சாப்பிடுவான் என்று கேட்டார். எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது, கூச்சம் வேறு. "எவ்ரிதிங், மிஸ்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. எதையும் ஒதுக்காத பிள்ளை என்றால் நம் ஊரில் தாய்க்கு நல்ல பெயர். அவரோ பெருமூச்சு விட்டு அதை எழுதிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முன்பு, எண்பதுகளில், தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் ஒரு குழந்தைகள் சத்துணவு மையத்தில் உதவியாளாக இருந்தேன். பத்தாவதோடு நின்றவளுக்கு அதுவே பெரிய வேலை. மாதம் ஒரு நாள் உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, துணித் தூளியில் பிள்ளைகளை உட்காரவைத்து எடை போடுவோம். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் தினமும் சத்துமாவு உருண்டை, ஏறிவிட்டால் நிறுத்திவிடுவோம். கஸ்தூரி என்று ஒருத்தி வருவாள். அவள் வீட்டுக்காரருக்குப் பல்லாவரத்தில் தோல் பதனிடுகிற வேலை. இரண்டு வயது மகள் ராணி தேறியதும், மையத்தை நடத்திய சாரதா டீச்சர் அவள் பெயரை அடித்துவிட்டார்.

"தேறினா நிறுத்திடுவீங்களா டீச்சர்? இன்னா நாயம் இது? அந்த உருண்டைய துன்னுதானே தேறிச்சு!"

"ரூல் அப்படிம்மா. இன்னும் மோசமா இருக்கிற பிள்ளைங்க காத்திருக்கு."

"அப்ப எங்கொயந்தயும் மோசமானப்புறம் இட்டாறேன்," என்று இடுப்பில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த எடை நாளில், பக்கத்துப் பிள்ளை கொடுத்த இட்லியை ராணி வாசலில் நின்று வாயருகே கொண்டுபோனாள். கஸ்தூரி அதைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "எடை போட்டப்புறம் துன்னுடி, என் கண்ணுல்ல." முந்தின நாளிலிருந்தே பட்டினி போலும். நான் பார்த்துவிட்டதை அவளும் பார்த்தாள். நான் ராணியைத் தூக்கித் தூளியில் உட்காரவைத்தேன். முள் இறங்கியிருந்தது, ராணிக்கு மறுபடி உருண்டை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளைக்கு நல்லதா கெட்டதா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

போன வெள்ளிக்கிழமை குமாருக்கு எடை நாள். முந்தின நாளே சோற்றைத் தள்ளிவிட்டான். காலையில் பசி தாங்காமல் தோசைக்குக் கை நீட்டினான். நான் தட்டை இழுத்துக்கொண்டேன். "எடை போட்டப்புறம் சாப்பிடுடா, கண்ணு." சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. மகளுக்குச் சாப்பாடு கிடைக்க அவள் பட்டினி போட்டாள். நானும் அதற்குத்தான் போட்டேனா?

மத்தியானம் கத்திக்கொண்டே வந்தான். "அம்மா, பேரை எடுத்துட்டாங்க! கேன்டீன்ல சாப்பிட்டேன்!"

அன்றைக்கே தாம்பரத்தில் இருக்கும் அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். உள்ளே வைக்கலாமென்று பள்ளியில் புதிதாக எடுத்த படத்தை எடுத்தேன். குமாருக்குக் கன்னம் வற்றியிருந்தது. அக்கா என்ன எழுதுவாள் என்று தெரியும்: "பிள்ளை இப்படி இளைச்சுட்டானே, சோறு போடுறியா இல்லையா?" அந்தப் படத்தை இங்கே சுவரில் ஒட்டிவிட்டு, போன வருடத்துக் குண்டுக் கன்னப் படத்தை உறைக்குள் வைத்து ஒட்டினேன்.