அலையே வராத கடல்ல அசோகன் அண்ணன்

"இன்னாபா ஊரு இது? எல்லாம் கீது, கடலு மட்டும் இல்ல."

அசோகன் அண்ணன் இதை சொல்லாத நாள் கிடையாது. காலையில பெங்களூர் விவேக் நகர்ல ஆஃபீஸ் கேப் ஏறும்போது ஒரு தடவை. சில்க் போர்டு சிக்னல்ல வண்டி நின்னா ஒரு தடவை. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துல ஜன்னல் வழியா காத்து அடிச்சா, "இது காத்தா? எங்க ஊரு காத்துல உப்பு இருக்கும், நாக்க நீட்டுனா ருசி தெரியும்"னு இன்னொரு தடவை. இந்தக் குரலை நான் எத்தனை பேர்கிட்ட செஞ்சு காட்டியிருக்கேன்னா, ஒரு நாள் அவரே பின் சீட்ல இருந்து, "டேய், 'கீது'வ இன்னும் கொஞ்சம் இழு"ன்னு திருத்துனாரு.

சென்னை ஐஸ்ஹவுஸ்காரரு. மெரினா கூப்பிடு தூரம். வேலைக்காக பெங்களூர் வந்து, தலைமுடியில பாதியை இந்த ஊர்லயே கொட்டியாச்சு. எங்க கம்பெனில சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவன் எழுதினதுல குறை கண்டுபிடிக்கறதுக்கு சம்பளம். ஊர்ல குறை கண்டுபிடிக்கறது மட்டும் ஓசி. ஏரியைக் காட்டினா "குட்டை"ம்பாரு. மழையில ரோடு முழுகினா "சாக்கடை"ம்பாரு. ஏரியில நுரை பொங்கி ரோட்டுக்கே வந்தப்போ எங்க லீடு நிருபமா அக்கா, "நுரைகூட வந்துருச்சு, இன்னும் என்ன அண்ணா வேணும்?"னு கேட்டுட்டாங்க. அண்ணன் ரொம்ப நாள் அவங்ககூட பேசல.

அக்கா குடும்பம் தாத்தா காலத்துலேர்ந்து அல்சூர். தமிழ்ல திட்ட ஆரம்பிச்சா கன்னடத்துலதான் முடிப்பாங்க. டீம் டிரிப் பேச்சு வந்தப்போ வழக்கம்போல கூர்க் ரிசார்ட்னு சொன்னாங்க. அண்ணன் எழுந்தே நின்னுட்டாரு.

"மலைய பாத்து இன்னா பண்ணப் போறீங்கோ? அந்தமான் போலாம். குட்டித் தீவு, ஸ்நார்க்கலிங். நான் கீறேன், ஒருத்தனும் பயப்படக் கூடாது."

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா அண்ணா?"ன்னேன்.

"மீனுகிட்ட போய் இத கேப்பியா?"

அக்கா சிரிக்கல. "சரி குரு. தண்ணிக்குள்ள தலைய விட்டு ஒரே ஒரு மீனைப் பாருங்க. ஆயுசுக்கும் உங்க புலம்பலை கைகட்டிக் கேக்கறோம். பாக்கலன்னா, இனிமே கேப்ல கடல் இல்லன்னு புலம்பவே கூடாது. ஓகேவா?"

"சத்தியம்"னு மேசையில அடிச்சாரு. மனுஷனுக்கு இருக்கற ஒரே சொத்து அந்தப் புலம்பல். அதையே பந்தயத்துல வெச்சுட்டாரு.

அந்தமான்ல ஹேவ்லாக் தீவுல எங்க கைடு பேரு நோரா. போர்ட் பிளேர் பொண்ணு, இந்தியில ஊறின தமிழ். "சார், மூக்கு பந்த். வாயால மட்டும் சாஸ்... மூச்சு எடுங்க. ட்யூப் வாயில இருந்தா பேச்சு இல்ல."

பேச்சு இல்லன்னதும் அண்ணன் மூஞ்சி தொங்கிடுச்சு. ஆனாலும் விடல. ட்யூபைக் கடிச்சுக்கிட்டே, "ங்ஙின்ஆஆ ஊஊ இஉ?"

நோரா திருதிருன்னு முழிச்சா. "இன்னாபா ஊரு இதுன்னு கேக்கறாரு"ன்னு நான்தான் மொழிபெயர்த்தேன்.

எல்லாரும் இறங்கிட்டோம். கூட வந்த பரத் தர்மபுரிக்காரன், கடலையே இந்த டிரிப்லதான் முதல் தடவை பாக்கறான். அவனே நோரா கையைப் பிடிச்சுக்கிட்டு குப்புற மிதந்து, தலையைத் தூக்கி, "டேய், ஒரு பச்சை மீனு பவளப்பாறைய நறுக்நறுக்னு கடிக்குது, சத்தம் கேக்குதுடா!"ன்னு கத்தறான்.

திரும்பிப் பாத்தா அண்ணன் கரையிலயே நிக்கறாரு. பேண்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டியாச்சு. செருப்பு கையில, மாஸ்க் நெத்தியில. தண்ணி கணுக்காலைத் தாண்டல.

"வாங்கண்ணா!"

"இரு, அலை வரட்டும்."

எந்த அலை? தாம்பாளத்துல ஊத்தி வெச்ச மாதிரி தண்ணி அசையாம கிடக்குது. அப்பதான் எனக்கு விளங்குச்சு. மெரினால கடல்ல இறங்கறதுன்னா என்ன? பேண்ட்டைச் சுருட்டு, கை கோத்துக்க, அலை வந்தா கத்திக்கிட்டே பின்னாடி ஓடு, அப்புறம் பஜ்ஜி. இவ்ளோ வருஷமா அண்ணனுக்குக் கடல்கூட இருந்த பழக்கமெல்லாம் முட்டிக்குக் கீழதான். துரத்தாத கடல்கிட்ட எப்படி நடந்துக்கறதுன்னே அவருக்குத் தெரியல.

நோரா போய் கெஞ்சினா. "ஒரு தடவை சார், முகம் மட்டும்." மாஸ்க்கை கண்ணுக்கு இறக்கிக்கிட்டு குனிஞ்சாரு. மாஸ்க் கண்ணாடி தண்ணியைத் தொட்டும் தொடாம இருந்துச்சு. அந்த நேரம் பாத்து விரல் நீளத்துக்கு ஒரு மீன் அவரு கட்டை விரலை விசாரிக்க வந்துச்சு.

"எவன்டா அது கால நோண்டறது!"

ஒரே ஓட்டம். கையில இருந்த செருப்பு ரெண்டும் தண்ணில விழுந்து குப்புற மிதக்குது. பரத்தான் எடுத்துட்டு வந்தான். "பாத்தீங்களாண்ணா, உங்க செருப்புகூட ஸ்நார்க்கலிங் பண்ணிடுச்சு"ன்னேன். பந்தயம் போச்சு.

பெங்களூர் திரும்பின பிறகு கேப்ல அப்படி ஒரு அமைதி. சில்க் போர்டுல வண்டி நிக்குது, அண்ணன் உதட்டைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. மேம்பாலத்துல காத்து அடிக்குது, ஜன்னலை ஏத்தி விடறாரு. சாருக்கு பல் வலியான்னு டிரைவரே கேட்டாரு. எனக்கும் செஞ்சு காட்ட புதுசா ஒரு டயலாக் கிடைக்கல.

அப்புறம் ஒரு சாயங்காலம் மழை கொட்டி, ரோட்டுல முட்டி அளவு தண்ணி. கேப் நடுவுல நின்னுடுச்சு. பக்கத்துல பஸ் போனா தண்ணி வந்து கதவுல மோதுது. நான் சும்மா இருப்பேனா?

"அண்ணா, கடலு உங்களைத் தேடிக்கினு வந்துருச்சு. அலைகூட கீது. பேண்ட்டைச் சுருட்டுங்க."

முன் சீட்ல இருந்து நிருபமா அக்கா, "சத்தியம் ஞாபகம் இருக்கில்ல அண்ணா? புலம்பக் கூடாது"ன்னாங்க.

அண்ணன் மெதுவா ஜன்னல்லேர்ந்து திரும்பினாரு.

"பொலம்பக் கூடாதுன்னுதான சத்தியம்? நான் பொலம்பல, டெஸ்ட் ரிப்போர்ட் சொல்றேன், எய்திக்கோ. நீங்கோ இட்டுகினு போய் காட்டுனீங்களே, அது கடலா? அலை கெடையாது, சத்தம் கெடையாது, மொளகா பஜ்ஜி கெடையாது. குனிஞ்சா அடித்தரை வரைக்கும் தெரியுது. மீனுங்கோ குடும்பம் நடத்தறத குழாய வெச்சுகினு எட்டிப் பாக்கறீங்களே, வெக்கமா இல்ல? கடலுன்னா உள்ள இன்னா கீதுன்னு எவனுக்கும் தெரியக் கூடாதுபா. நாம கரையில நிக்கணும், அது வந்து கால தொட்டுட்டுப் போவணும். அந்த மரியாதை தெரிஞ்ச கடலு உங்க பெங்களூர்லயும் இல்ல, அந்தமான்லயும் இல்ல!"