கீழே வைத்த எலுமிச்சம்பழம்

சட்டைப்பையில் டி.சி. கேட்டு எழுதிய கடிதம் இருந்தது. மகள் சொல்லி நான் எழுதியது. பிளஸ் டூ பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கும்போது வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் எழுதினேன். பதினோரு நாளாக அவள் வாசல்படி தாண்டவில்லை.

நடந்தது இவ்வளவுதான். விளையாட்டுப் பீரியட் முடிந்த தாகத்தில், பக்கத்தில் உட்காரும் பெண்ணின் தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து இரண்டு மடக்கு குடித்திருக்கிறாள். அந்தப் பெண், வகுப்பே பார்க்க, பாட்டிலைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டிருக்கிறாள். "இத இனிமே எங்க வீட்டுக்குள்ள சேக்க மாட்டாவ" என்று காரணமும் சொல்லியிருக்கிறாள். எங்கள் தெரு எதுவென்று அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

புகார், போலீஸ் என்று போகாமல், தலைமை ஆசிரியை வெளியூரிலிருந்து, இப்படித் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் ஓர் அம்மாவை வரவழைத்தார். இரண்டு வீட்டாரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒரு பொருள் கைமாறி வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். தண்டனை கிடையாது. பட்ட காயம் என்ன, அதை ஆற்ற யார் என்ன செய்வது என்பதுதான் பேச்சு.

மகள் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

"வாரேன். ஆனா நீ அங்கன யாரையும் சிரிக்க வைக்கக் கூடாது."

"சத்தியமா மாட்டேன் மக்கா."

நான் புளியங்குடி பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் கிழிப்பதைவிட என்னை நானே கிழிப்பதில் கெட்டிக்காரன். என் கறுப்பு, என் தெரு, என் மூக்கு என்று மற்றவர்கள் ஆரம்பிக்கும் முன்னால் நானே ஆரம்பித்து முடித்துவிடுவேன். முந்திக்கொண்டால் வலிக்காது என்பது என் சித்தாந்தம்.

கைமாறும் பொருளை நான் கொண்டுவருகிறேன் என்று முந்திக்கொண்டதும் நான்தான். பஸ்ஸில் ஏறிய எலுமிச்சை மூட்டைக்காரரிடம் கேட்டு, வடு இல்லாத நல்ல எலுமிச்சம்பழம் ஒன்று வாங்கிப் போனேன். பெரிய மனிதர்களைப் பார்க்கப் போனால் கையில் கொடுக்கிற பழம். மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். வெளியூர் அம்மா பழத்தை முதலில் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் மனப்பாடச் செய்யுள்போல "நான் செஞ்சது தப்பு" என்றாள். அடுத்து அவள் அம்மா. "சின்னப்புள்ளைக சண்ட. இதுக்குப் போயி இப்படி உக்காத்தி வச்சு விசாரிக்கணுமா?" என்றவர், நீட்டியிருந்த என் கையில் பழத்தைத் தராமல், குனிந்து என் கால்பக்கம் தரையில் வைத்தார். வைத்தது அவருக்கே தெரிந்திருக்காது. கை பழகிய பழக்கம்.

என் வாய் பழகிய பழக்கமும் அப்படித்தான்.

"பழத்துக்குக் கால் வலிக்கும்னு உக்கார வச்சிட்டீய போல" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பழத்தைக் கீழே வைத்த அம்மாவும் நிம்மதியாகச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்த பழத்தை, ஒரு வார்த்தை பேசாமல் வெளியூர் அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சன்னலைப் பார்த்தாள். எல்லாம் முடிந்தது என்று தெரிந்தது. பையிலிருந்த கடிதம் வேர்வையில் நனைந்து நெஞ்சோடு ஒட்டியது.

வெளியூர் அம்மா இரண்டாவது சுற்றை எதிர்ப்பக்கமாக விட்டார். மகள் மறுபடியும் பேசவில்லை. பழத்தை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். வலித்தது.

"பதினாறு வயசுல எனக்கு டீக்கடையில தனி கிளாஸ்" என்றேன். "ராசாவுக்குத்தான் தனி கிளாஸ்னு சொன்னேன். கடையே சிரிச்சுது. அடி விழல. அன்னையில இருந்து சிரிக்க வச்சுக்கிட்டே இருக்கேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

பழத்தைப் பக்கத்திலிருந்த அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நீட்டினேன். அவர் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கக் கை நீட்டவில்லை. சரி, தரையிலேயே வைத்துவிடலாம் என்று குனிந்தேன்.

"கீழ வைக்காதப்பா."

அந்த அறையில் என் மகள் பேசிய முதல் வார்த்தை.

நிமிர்ந்து நீட்டியபடியே இருந்தேன். கடைசியில் அந்தப் பெண்தான் அம்மாவைத் தாண்டிக் கையை நீட்டி, என் கையிலிருந்து பழத்தை எடுத்தாள். "எங்க வீட்ல தெனமும் சொல்லுததத்தான் மிஸ் நான் சொன்னேன்" என்றாள். அவள் அம்மா விருட்டென்று எழுந்து, பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியேறினார். வட்டத்தில் இரண்டு நாற்காலி காலி.

காயம் ஆறியதா என்று கேட்டால் இல்லை. மறுநாளும் மகள் போகவில்லை. அதற்கு மறுநாள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நின்றாள்.

"நான் போறேன். நீயும் பஸ்ல உன்னயே கேலி பண்ணி அதெல்லாம் சொல்லாம இருக்கணும். முடியுமா?"

அன்று முழுக்க வாயைத் திறக்காமல் டிக்கெட் கொடுத்தேன். திரும்பும் டிரிப்பில் பின்சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார்:

"என்ன கண்டக்டரே, உடம்புக்குச் சரியில்லையா?"