மாடிக்கிழவியின் சொந்த ஊர்

எவரிஸ்டோ லொம்பே பொய்யன் என்று லுவான்ஷா சுரங்கக் குடியிருப்பில் இன்றைக்கும் சொல்வார்கள். பொய்யன்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொய்யைக் கேட்பதற்கு மூன்று வருஷம் சனிக்கிழமை தவறாமல் இருநூறு பேர் பெஞ்சுக்கு அடித்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. நான் சொல்கிறேன். அவனைக் கெடுத்தவள் நான்தான், எனக்கென்ன வெட்கம்.

அவன் என்னைவிடப் பத்து வயது மூத்தவன். இருந்தும் அவன் இவன் என்றுதான் பேசுவேன். அவன் பெம்பா இனம், நான் ங்கோனி இனம். எங்கள் பாட்டன்கள் ஈட்டி எடுத்துக் குத்திக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் திட்டிக்கொள்ளும் உரிமை மட்டும் மிச்சமாயிற்று. இதை ம்புயா உறவு என்போம். ம்புயா என்ன சொன்னாலும் சிரிக்க வேண்டும். கோபப்பட்டால், பட்டவன்தான் வளர்ப்புச் சரியில்லாதவன். சாவு வீட்டில்கூட ம்புயாக்கள் வந்து பிணத்தைக் கேலி செய்வோம், குழி வெட்டுவோம், அழுகிறவர்களைச் சிரிக்க வைப்போம். அது எங்கள் கடமை.

சுரங்கத்தின் வருகைப் பதிவு அறையில் அவன் எழுத்தர், நான் தட்டச்சுக்காரி. காலையில் நான் உள்ளே நுழைந்ததும், "வந்துட்டியா திசவுகே, டிபன் டப்பால இன்னைக்கு எத்தனை எலி?" என்பான். "நேத்து உங்க மாமா ஒருத்தன் மரத்துல தொங்கிட்டிருந்தான், வாலைப் பாத்துதான் அடையாளம் தெரிஞ்சுது" என்பேன் நான். எங்கள் பக்கத்தார் எலி தின்பவர்கள் என்று அவர்களும், அவர்கள் குரங்கு தின்பவர்கள் என்று நாங்களும் சொல்வது வழக்கம். அப்புறம் இரண்டு பேரும் வேலையைப் பார்ப்போம்.

குடியிருப்பின் நலமன்றத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சிரிப்புத் தொடர் போடுவார்கள். பிளங்கெட் என்று ஒரு வழுக்கைத் தலையன். சின்ன வீடு, ஓயாத மழை, ஓயாமல் தேநீர். மாடி அறையில் ஒரு கிழவி. அவள் கைத்தடியால் தரையை இடித்தால் கீழே பிளங்கெட்டின் கோப்பையில் சுண்ணாம்பு உதிரும். அவன் அண்ணாந்து பார்த்து அவளை ஏதாவது சொல்லுவான், பெட்டிக்குள் யாரோ கொல்லென்று சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் கண்ணில் படமாட்டார்கள். முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் பிளங்கெட்டின் சொந்தக்காரர்கள் என்று லொம்பே விளக்கம் சொல்லியிருந்தான். மழையில் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மன்றத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஆங்கிலம் வராது. லொம்பே பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பெம்பாவில் சொல்லுவான். முதல் வாரமே அவனுக்குச் சிக்கல் வந்துவிட்டது. அந்தக் கிழவி பிளங்கெட்டின் மாமியார். எங்கள் ஊரில் மருமகன் மாமியாரை நிமிர்ந்து பார்க்க மாட்டான். எதிரே வந்தால் யாராவது ஒருவர் பாதையை விட்டு இறங்கிவிட வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு அவளை மூளைகெட்ட மாடு என்று சொன்னான் என்றால், அதைக் கேட்ட காதையே கழுவ வேண்டும். உள்ளதைச் சொன்னால் பெரியவர்கள் எழுந்து போவார்கள், மறுநாள் பெட்டிக்குப் பூட்டு விழும். லொம்பே கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

"இந்தக் கிழவி இருக்காளே, இவ நம்ம சிப்பாட்டா பக்கத்து ங்கோனி மாதிரி. பிளங்கெட் நம்மாளு" என்றான்.

"வெள்ளைக்காரனுக்கும் ம்புயா உண்டா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்லாமலா? இங்கிலீஷ்காரனும் ஸ்காட்லாந்துக்காரனும் ஒருத்தனை ஒருத்தன் என்ன பண்ணினான்னு உனக்குத் தெரியாது. நம்மளவிட மோசம்."

மன்றத்துக்கு மூச்சு வந்தது. அப்படியென்றால் அவன் திட்டட்டும், இன்னும் நன்றாகத் திட்டட்டும். அன்றிலிருந்து பிளங்கெட் ஒன்று சொன்னால் லொம்பே மூன்று சொன்னான். அவள் தேநீர் கேட்டால் இவன் எலிக்குழம்பு கேட்டதாகச் சொன்னான். கிழவியின் குரலில் கீச்சென்று பேசினான், பிளங்கெட்டாகக் கழுத்தை நீட்டினான். இங்கிலாந்தில் அந்தத் தொடரைப் பார்த்து இவ்வளவு சிரித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அவனுடைய சொந்த மாமியார். பனா பூப்பே என்று கூப்பிடுவோம். பூப்பேயின் அம்மா என்று அர்த்தம், பூப்பே லொம்பேயின் மனைவி. பெண்கள் பக்கத்தில், கடைசி பெஞ்சில், முக்காடு போட்டு உட்காருவாள். அவன் பெட்டியைப் பார்த்தே பேசுவான், ஒருமுறையும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டான். அவள் தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்கும் சத்தம் மட்டும் அவன் முதுகில் விழும். அதற்காகவே அவன் இன்னும் கூட்டிச் சொல்கிறான் என்பது எனக்குத் தெரியும். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்த அம்மாளுக்கு நேராக அவன் சொல்ல முடிந்த பேச்சு அவ்வளவுதான்.

பதினோரு வருஷமாகியும் அவனை அவர்கள் உள்ளே அழைக்கவில்லை. மருமகனை உள்ளே அழைப்பது என்று எங்களிடம் ஒரு விருந்துச் சடங்கு உண்டு. பெண் வீட்டார் சமைத்து, கேழ்வரகுக் கள் காய்ச்சி, மாமியாரே முன்னால் வந்து கதவைத் திறந்துவிட வேண்டும். அதன் பிறகுதான் அவன் அந்த வீட்டில் கால் வைக்கலாம், சாப்பிடலாம், அவளோடு பேசலாம். அதுவரை அவன் வேலிக்கு வெளியேதான். மாதம் ஒரு மூட்டை கரி கொண்டுவந்து வேலியோரம் இறக்கிவிட்டுப் போவான். மூன்றாவது குழந்தை அந்த வீட்டில்தான் பிறந்தது. லொம்பே தெருவில் நின்று அழுகைச் சத்தம் கேட்டான், பையனா பெண்ணா என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். "கூப்பிடுவாங்க, அவங்களுக்கு மனசு வரணும்" என்று அலுவலகத்தில் என்னிடம் சொல்லுவான். மற்றதற்கெல்லாம் கேலி பேசுகிற எனக்கு அதில் மட்டும் வாய் வராது.

அந்த வருஷம் அவர்களுக்கு மனசு வந்தது. ஈஸ்டர் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். கள்ளுக்குக் கேழ்வரகு ஊறப்போட்டார்கள். லொம்பே சாம்பல் நிறக் கோட்டு ஒன்று தைத்து, அதை அலுவலக அலமாரியில் மாட்டிவைத்து, தினமும் திறந்து பார்த்தான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். லொம்பே கிழவியை ங்கோனி ஆக்கினானா, குடியிருப்பு முழுக்க என்னை மாடிக்கிழவி என்று கூப்பிட ஆரம்பித்தது. கூப்பிட்டவர்கள் எல்லோரும் பெம்பா, எனக்கு ம்புயா, நான் சிரித்தாக வேண்டும். முதல் வருஷம் உண்மையாகவே சிரித்தேன். மூன்றாவது வருஷம் எனக்கு முப்பத்தோரு வயது. என்னைப் பெண் கேட்கக் கிட்வேயிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பேருந்து நிறுத்தத்தில் வழி கேட்டிருக்கிறார்கள். "யாரு, மாடிக்கிழவியா? கைத்தடியோட நிப்பா பாருங்க" என்று எவனோ சொல்லி அனுப்பியிருக்கிறான். வந்தவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அது செவ்வாய்க்கிழமை. அந்தச் சனிக்கிழமையும் நான் மன்றத்துக்குப் போனேன்.

அன்றைக்குக் கிழவிக்குக் காய்ச்சல். பிளங்கெட் படிக்கட்டின் கீழே நின்று சொன்னான்: நீங்கள் செத்தால் பெட்டியை நான் ஒருத்தனே தூக்குவேன், இந்த வீட்டை விட்டுப் போகிறீர்கள் என்றால் கனமே தெரியாது. லொம்பே அதைப் பெம்பாவில் சொல்லி, "என்ன திசவுகே, உன் பெட்டியையும் தூக்கணுமா?" என்று என் பக்கம் கையைக் காட்டினான். இருநூறு தலை திரும்பிச் சிரித்தது.

நான் எழுந்து நின்றேன். "ம்புயா, மூணு வருஷமா உனக்குத் தொண்டை வத்திப்போச்சு. இன்னைக்கு நான் சொல்றேன், நீ உக்காரு" என்றேன்.

"சொல்லு, சொல்லு" என்று கூட்டம் கை தட்டியது.

"அவ ங்கோனியும் இல்ல, ஸ்காட்லாந்துக்காரியும் இல்ல. பிளங்கெட்டோட பொண்டாட்டியைப் பெத்தவ. அவனோட மாமியார். மதர் இன் லான்னு இன்னைக்கு மட்டும் நாலு தடவ சொல்லிட்டான். இங்கிலீஷ் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்."

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் முன் வரிசையில் இருந்தார். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். அதுவே போதுமானதாக இருந்தது.

பெட்டிக்குள் இருந்தவர்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். லொம்பே சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். கடைசி பெஞ்சில் பனா பூப்பே எழுந்தாள், முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் ஊறிய கேழ்வரகைக் கோழிகளுக்குக் கொட்டினார்கள். தன் கல்யாணத்துக்குப் பேசி முடித்த தரகரை லொம்பே தூது அனுப்பினான். பனா பூப்பே அவரை வேலிக்கு வெளியே நிற்கவைத்தே அனுப்பிவிட்டாள். "மாமியாரை உக்கார வச்சு மாமியாரைத் திட்டினவனுக்கு எந்தக் கதவைத் திறக்கச் சொல்றீங்க?" என்று அவளுடைய தம்பி கேட்டானாம்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் லொம்பேயைப் பார்த்தேன். ஏதாவது சொல்லுவான், நானும் சொல்லிச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவன் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்துக் காகிதத்தில் சுற்றினான்.

"கோவமா?" என்றேன்.

"ம்புயாகிட்ட கோவப்பட முடியுமா?" என்று சிரித்தான். அதன் பிறகு அவன் என்னிடம் எலியைப் பற்றிப் பேசவே இல்லை.

சனிக்கிழமைகளில் அவன் கொஞ்ச நாள் மன்றத்துக்குப் போனான். இப்போது உள்ளதை உள்ளபடி சொன்னான். மாமியார் என்று வந்த இடத்தில் மாமியார் என்றான். எட்டுப் பேர், பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், சிரிக்கவில்லை. பிறகு நலமன்றத்தார் அந்த நேரத்தில் கால்பந்து போட ஆரம்பித்தார்கள். அவனுக்குத் தெருவில் பிளங்கெட் என்று பெயர் விழுந்தது. அதற்குப் பிறகு என்னை யாரும் மாடிக்கிழவி என்று கூப்பிடவில்லை, பெண் கேட்டும் யாரும் வரவில்லை. கரி மூட்டையை மட்டும் அவன் மாதாமாதம் வேலியோரம் இறக்கினான். அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். உள்ளே கூப்பிடவில்லை.

நாலு வருஷம் கழித்து, மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சலில் செத்துப்போனான்.

ங்கோனிக்காரர்கள் பத்துப் பேர் போனோம். போகாமல் இருக்க முடியாது. எங்கள் ஆண்கள் குழி வெட்டப் போனார்கள். சவப்பெட்டி லொம்பேயின் வீட்டுக்குள் இருந்தது. ம்புயா முறைப்படி நான் வாசற்படியில் வழி மறித்து உட்கார வேண்டும், செத்தவனைப் போல நடித்துக் காட்ட வேண்டும். எதை நடிப்பது? அவனுக்கென்று ஊர் அறிந்தது ஒன்றுதான். கழுத்தை நீட்டினேன். "இந்தக் கிழவி இருக்காளே, இவ நம்ம சிப்பாட்டா பக்கத்து ங்கோனி மாதிரி" என்று அவன் குரலில் ஆரம்பித்தேன். பெண்களுக்கு நடுவே அழுதுகொண்டிருந்த அவன் மனைவி பூப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து தொடையில் அடிக்கும் சத்தம் கேட்டது. பனா பூப்பே எழுந்து வந்து என் அருகில் படியில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தாள். பிறகு சுத்தமான ஆங்கிலத்தில், பிளங்கெட் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். நீங்கள் செத்தால் பெட்டியை நான் ஒருத்தனே தூக்குவேன், இந்த வீட்டை விட்டுப் போகிறீர்கள் என்றால் கனமே தெரியாது.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"என்ன பாக்கறே எலி தின்னி. சுரங்கத்து வெள்ளைக்காரி வீட்ல பன்னெண்டு வருஷம் புள்ள வளத்தவ நான். எனக்கா இங்கிலீஷ் தெரியாது?"

"அப்ப மொதல் வாரமே..."

"மொதல் வாரமே தெரியும். எம் மருமகன் என் மானத்தைக் காப்பாத்த அத்தனை பேர் முன்னாடி புளுகறான்னு தெரியும். அதுக்குத்தானே அவனை உள்ள கூப்பிடலாம்னு நாள் குறிச்சேன்."

"அப்புறம் ஏன் கதவைச் சாத்தினீங்க?"

"நீ ஊருக்கு முன்னாடி சொல்லிட்டியே. தெரிஞ்சும் சிரிச்சுட்டு உக்காந்திருந்தேன்னு என்னைச் சொல்லச் சொல்றியா? நீ வாயைத் திறந்த பிறகு நான் மாமியாராத்தானே இருந்தாகணும்."

அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவள் பெம்பா, நான் ங்கோனி, கோபத்துக்கு இடமே இல்லை. என் முதுகில் தட்டி எழுந்தாள்.

"ஏன் வாயை மூடிட்டே? அழறவங்க காத்துக்கிட்டிருக்காங்க. சிரிக்க வை, அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டிருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

நான் மறுபடியும் கழுத்தை நீட்டினேன்.