கவர்னரின் ஒரே உடுப்பு

மதரஸா ஆண்டுவிழா நாடகத்தில் எனக்குக் கவர்னர் வேஷம் கிடைத்த அன்று, ஊட்டி முழுவதும் என் கண்ணுக்குச் சின்னதாகிவிட்டது. கலீபாக்கள் காலத்துக் கவர்னர் என்றால் சும்மாவா? குதிரை, வாள், பட்டு அங்கி என்று நான்பாட்டுக்குக் கனவு கண்டுகொண்டிருந்தேன்.

எங்களுக்குப் பாடம் நடத்தும் ஹஜ்ரத் கதையைச் சொன்னதும் எல்லாம் புஸ்ஸென்று போய்விட்டது. அந்தக் கவர்னர் காலையில் தன் கையாலேயே மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாராம். மாதத்தில் ஒரு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவே மாட்டாராம். ஜனங்கள் புகார் சொல்ல, கலீபா அவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார். அங்கேதான் என் வசனம். “என்னிடம் இருப்பது ஒரே உடுப்பு. அதைத் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். அதனால்தான் வரவில்லை.”

“ஒரே நாள்ல எப்படிங்க ஹஜ்ரத் காஞ்சிருக்கும்?” என்று கேட்டேன். எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் துவைத்த சட்டை அடுத்த வாரம்வரை ஈரமாகவே தொங்கும்.

“அது பாலைவனம்டா, ஊட்டி இல்ல” என்றார்.

மார்க்கெட்டில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்த அத்தா, உடுப்பு தன் பொறுப்பு என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தார். விழாவுக்கு முந்தின நாள்வரை அதை மறந்தும் போயிருந்தார். கடைசியில் அவர் கண், ஆணியில் தொங்கிய அம்மாவின் கறுப்புப் பர்தாமேல் விழுந்தது. வாசலைத் தாண்டும்போதெல்லாம் அம்மா போட்டுக்கொள்வது அதைத்தான்.

பொம்பளை உடுப்பைப் போட மாட்டேன் என்று நான் தரையில் புரண்டு அழுதேன். அதன் கைகளில் கல்வேலை வேறு மினுமினுத்தது. அம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கற்களையெல்லாம் பிரித்தெடுத்தாள். என் உயரத்துக்கு அளவு பார்த்தாள்.

“வெட்டாதே, மடிச்சுத் தெச்சாப் போதும்” என்றார் அத்தா.

“தடுக்கி உழுந்தா கவர்னருக்கு மரியாதையா இருக்குமா? நீங்க உடுங்க” என்று சொல்லி, வெட்டியே விட்டாள். நெஞ்சில் சாக்குத் துணியால் ஓர் ஒட்டும் போட்டாள். இப்போது அது அசல் ஏழைக் கவர்னர் உடுப்பு.

“நீ முன்னாடி வந்து உக்காந்து பாக்கணும்மா.”

“சரிங்க கவர்னரே” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

மேடையில் வசனத்தைச் சொன்னதும் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அத்தாதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். பெண்கள் பக்கம் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். அம்மா இல்லை. கைதட்டல் கசந்துவிட்டது.

உடுப்பைக்கூடக் கழற்றாமல் உர்ரென்று வீட்டுக்கு வந்தேன். அம்மா சமையற்கட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“ஏம்மா வரலை?”

“வேலையா இருந்துச்சு தங்கம். இப்பச் சொல்லிக் காட்டு, கேக்கறேன்.”

அவ்வளவுதான், என் கோபம் பறந்துவிட்டது. அவள் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று, ஒட்டுப் போட்ட இடத்தில் கை வைத்து, மேடையில் சொன்னதைவிட உரக்கச் சொன்னேன். “என்னிடம் இருப்பது ஒரே உடுப்பு. அதனால்தான் வரவில்லை.”

அம்மா மாவுக் கையோடு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். என் நடிப்பைப் பார்த்துத்தான் அவள் கண் கலங்கிவிட்டது என்று ரொம்ப நாள் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.