அருந்ததி உதிக்காத ஊருக்கு ஒரு லக்ஷுரி டூர்

இருட்டை விலைக்கு விற்பதுதான் என் தொழில். நியூசிலாந்தின் தெற்குத் தீவில், தெருவிளக்கே இல்லாத ஓர் ஏரிக்கரைக்கு ஆட்களை அழைத்துப் போய், கண்ணாடிக் கூரை போட்ட அறையில் படுக்கவைத்து நட்சத்திரம் காட்டுகிற கம்பெனியில் வேலை. ஆபீஸ் நியூஜெர்சியில், ஐசலினில், ஒரு புடவைக் கடைக்கு மாடியில். அடுத்தவர் விடுமுறையில் உழைத்து வயிறு வளர்க்கிறவரா நீங்கள்? அப்படியானால் என் அலுப்பு உங்களுக்குப் புரியும். போன டூரில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நிலாவும் சேர்த்து

டெக்சாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவிலிருந்து பாலாஜி போன் செய்தார். ஐடி வேலை, மனைவி ப்ரியாவோடு வருவதாக ஏற்பாடு. எங்கள் டூர் எப்போதும் அமாவாசையை ஒட்டித்தான் இருக்கும். அவர் அதைப் பௌர்ணமிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். நிலா வெளிச்சத்தில் பாதி நட்சத்திரம் காணாமல் போய்விடும் என்று தினுசு தினுசாக விளக்கினேன். குழந்தைக்குச் சொல்வதுபோல்கூடச் சொல்லிப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அதெல்லாம் ஓகே மேடம். இவ்ளோ தூரம் ஃப்ளை பண்றோம், மூனையும் சேர்த்துக் கவர் பண்ணிடலாமேன்னு பார்த்தேன்."

ஆன்ட்டிக்குத் தெரியாமல்

சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் பக்கத்து ஊரான லிவர்மோரிலிருந்து நடராஜன் அங்கிளும் லலிதா ஆன்ட்டியும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அங்கிள் வேலைக் காலம் முழுக்க மலையைத் தாண்டிக் காரில் போய்வந்து, களைத்துப்போய் வீடு சேர்ந்தவர். இப்போதுதான் ரிட்டையர் ஆகியிருக்கிறார். ஆன்ட்டி காபி வாங்கப் போன சமயம் பார்த்து, எதற்காக வருகிறார் என்பதைச் சொன்னார். அவர்கள் கல்யாணத்தில் பட்டப்பகலில் வாத்தியார் பந்தல் துணியைக் காட்டி, பெண்ணுக்கு அருந்ததி காட்டச் சொன்னாராம். இவரும் விரலை நீட்டினாராம். ஆன்ட்டியும் தெரிகிறது என்று தலையாட்டினாராம். அந்தப் பொய்யை இந்தப் பயணத்தில் நிஜமாக்கிவிட வேண்டும்.

அருந்ததி வடக்கு வானத்தில் இருப்பது. நாங்கள் போகிற ஊரில் அது அடிவானத்தைத் தாண்டி எழும்பவே எழும்பாது. புக் பண்ணும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா மனுஷன்? உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆன்ட்டி காபியோடு வந்துகொண்டிருந்தார். அங்கிள் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினார்: "இத்தனை வருஷத்துல அவ என்கிட்ட எதுவும் கேட்டதில்லம்மா. இதையாவது உருப்படியா காட்டிடணும்."

ஃபியூஸ்

போய்ச் சேர்ந்ததிலிருந்து ஒரே மேகம். மற்ற நேரமாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். இந்த முறை, அங்கிளுக்குப் பதில் சொல்வது தள்ளிப் போகிறதே என்று மேகத்துக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன். அவரோ சாப்பாட்டு மேஜையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ரகசியமாகக் கண்ணைச் சிமிட்டினார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து விடுதி முழுக்கக் கரண்ட் போயிற்று. விசாரித்தால், ப்ரியா அறையில் ரைஸ் குக்கரும் ஹீட்டரும் ஒன்றாக ஓடியிருக்கின்றன. ரசம் சாதம் இல்லாமல் தூக்கம் வராதாம். மேனேஜரிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தால், ப்ரியா முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை: "லைட்ட ஆஃப் பண்ணுங்கன்னு நீங்கதானே மேடம் வந்ததுலேர்ந்து சொல்லிட்டிருக்கீங்க?"

வானம் திறந்தபோது

கடைசி இரவு மேகம் விலகியது. ஏரிக்கு மேலே வானம் முழுக்க அரிசியை வாரி இறைத்த மாதிரி நட்சத்திரம். பாலாஜிகூட நிலாவை மறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் மட்டும் என்னிடம் வந்து, ஆன்ட்டியைக் கூப்பிடட்டுமா, எந்தப் பக்கம் காட்ட வேண்டும் என்று கேட்டார். இனி ஒளிக்க வழியில்லை. அது இங்கே உதிக்காது என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது. குளிரில் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். ஏதோ ஒரு நட்சத்திரத்தைக் காட்டிச் சமாளித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. வாய் வரை வந்தது.

அவரே எழுந்து ஆன்ட்டியிடம் போனார். எதற்கு வந்தோம், ஏன் நடக்கவில்லை, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு அங்கே நிற்கவே சங்கடமாக இருந்தது. ஆன்ட்டி கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார்: "நம்ம பேக்யார்டுலேர்ந்தே தெரியுமேங்க. சாப்பிட்டு முடிச்சு குப்பை போட வெளிய வர்றப்பல்லாம் நான் பார்த்துட்டுதான் உள்ள போவேன். நீங்கதான் ஒரு நாளும் கூட வந்ததில்ல."

வீட்டுக்குப் பின்னால் இரண்டு நாற்காலியைப் போட்டு ஜோடியாக உட்கார்ந்தால் முடிகிற காரியம் இது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், என் பிழைப்பு என்னாவது சொல்லுங்கள்.