மூக்கில் குறையில்லை

காத்தான்குடியில் வாவியை ஒட்டிய தெருவொன்றில் உசனார் இருக்கிறார். பிழைப்பு கல் வைத்துக் கட்டும் மேசன் வேலை. ஆனால் தெருவில் யாரும் அவரை மேசன் என்று சொல்வதில்லை. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி ஆக்குகிறவர் என்றுதான் சொல்வார்கள். சொல்வார்கள் என்று இனி எழுதக் கூடாது. சொன்னார்கள்.

கஞ்சி ஆக்குகிறவரும் நோன்பாளிதான். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினால் நோன்பு முறியாது என்று மௌலவி சொல்லியும் உசனார் ஒருநாளும் வைத்ததில்லை. அடுப்பில் கொதிக்கும் பெரிய கிடாரத்தின் மேல் குனிந்து ஆவியை மூக்கால் இழுப்பார். "இஞ்சி காணாது" என்று இன்னும் கொஞ்சம் தட்டிப் போடுவார். நோன்பு திறந்தபின் குடித்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை.

கொரோனாக் காய்ச்சல் வந்து போனபின் மணம் அறியும் அந்தத் திறன் திரும்பவில்லை. வாவிக்கரையில் உரித்துக் குவித்திருந்த இறால் கோதுகளைக் கடந்தபோதுதான் அவருக்கே அது தெரிந்தது. கூட வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். இவருக்கு வெறும் காற்று. மனைவி ஸகியாவிடம்கூடச் சொல்லவில்லை. கைக்கணக்கிலேயே ஆக்கி, அடுத்தடுத்து வந்த நோன்பு மாதங்களை ஒப்பேற்றினார். கிடாரத்தின் மேல் குனிவதை மட்டும் விடவில்லை.

இந்த வருடம் நோன்புக்கு முன் பள்ளிவாசல் வளவில் மருத்துவ முகாம் வைத்தார்கள். சுகாதாரம் படிக்கும் அவருடைய தங்கை மகள் இன்ஷிரா, மணம் அறியும் திறன் இழந்தவர்களைக் கண்டுபிடிக்கக் கைபேசிச் செயலியொன்றுடன் வந்திருந்தாள். துணி சுற்றிய சிறு போத்தல்களை ஒவ்வொன்றாக மோந்துவிட்டு, திரையில் வரும் படங்களில் எது என்று தொட வேண்டும்.

"நம்மட உசனார் காக்காக்கு இது என்னத்துக்கு புள்ள? உன்ட போனுக்கு அவர் படிப்பிச்சிக் குடுப்பாரு" என்றார் பள்ளிவாசல் தலைவர் ஸாஹிர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு உசனார் எழுந்து போக முடியாது.

போத்தலை மூக்குக்குக் கொண்டுபோகும் வழியில் மெல்ல ஆட்டினார். கராம்பு கலகலத்தது. எண்ணெய் தளும்பியது. கோப்பித்தூள் சத்தமில்லாமல் சரிந்தது. எல்லாம் சரியாக வந்தன. 'மணம் அறியும் திறன் நன்று' என்று திரை பச்சை எழுத்தில் சொன்னது. ஸாஹிர் அதைப் படம் பிடித்துத் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

நோன்பின் நடுவில் வெயில் கொளுத்திய ஒரு நாள். காலையில் பிழிந்து வைத்த தேங்காய்ப்பால் நண்பகல் லுஹர் தொழுகைக்குள் புளித்துவிட்டது. உசனார் வாளியின் மேல் குனிந்தார், நிமிர்ந்தார், கிடாரத்தில் ஊற்றினார். இஞ்சியும் ரம்பை இலையும் புளித்த வாடையை மூடிவிட்டன. எல்லாரும் நோன்பு, யார் ருசி பார்ப்பது? மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தெருவே பாத்திரங்களுடன் வந்து வாங்கிப்போனது. நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் முதல் வாயை வீட்டுக்கு வீடு துப்பினார்கள்.

மறுநாள் ஸாஹிர் அவரைக் கூப்பிட்டார்.

"மூக்குப் பழுதெண்டா அது அல்லாஹ்ட நாட்டம் காக்கா. ஒரு மனுசனும் குறை சொல்ல வாய் துறக்க மாட்டான். ஒங்கட மூக்குல குறையில்ல எண்டு நான்தானே ஊருக்கே படம் போட்டன். அப்ப இது கவனமில்லாத வேலதானே?"

உசனார் சிமெந்து காய்ந்த தன் விரல்களைப் பார்த்தபடி இருந்தார்.

"ஓம். கவனமில்லாமப் போயிட்டு."

கிடாரம் அன்றே அப்ஹாம் என்பவரின் கைக்குப் போனது. பள்ளிவாசலோடு ஏதோ கோபத்தில் உசனார் வேண்டுமென்றே செய்தார் என்றும் சிலர் கதைத்தார்கள்.

பெருநாள் கழிந்து இன்ஷிரா போத்தல்களுடன் வீட்டுக்கு வந்தாள். இந்த முறை அவர் ஆட்டவில்லை. கராம்பைக் கோப்பி என்றார். கோப்பியை எண்ணெய் என்றார். டொக்டரிடம் காட்டச் சொல்லித் திரை சிவந்தது.

"அண்டைக்கு எப்படி மாமா?" என்றாள். அவர் ஒரு போத்தலை எடுத்து ஆட்டிக் காட்டினார்.

அவள் சிவந்த திரையைப் படம் பிடித்தாள். "இத தலைவருக்கு அனுப்புறன். பாவம் எண்டாவது சொல்லுவாங்க."

"முன்னுக்குச் சொல்லியிருந்தா பாவம் எண்டு சொல்லிப்போட்டுக் கிடாரத்த வாங்கியிருப்பாங்க. இப்ப ஏசிப்போட்டு வாங்கிட்டாங்க. அத அழி மகள். மறுகா பொய்க்காரன் எண்ட பேரும் என்னத்துக்கு?"

அவள் அழித்தாள். தெருக் குழுவில் அந்தப் பச்சை எழுத்து இன்னும் இருக்கிறது.